மெரிபேங்க், இரண்டாவது பேண்ட்

சனிக்கிழமைகளில் எங்களுக்கு வேறு பெயர்.
வெள்ளைச் சட்டை, காதுக்குள் செருகிய குட்டி ஸ்பீக்கர்,
கடலோர ஓட்டல்களில் கல்யாண ரிசப்ஷன்.
மணப்பெண் உள்ளே வரும்போது ஒன்று,
கேக் வெட்டும்போது ஒன்று,
மாமாக்கள் குடித்து முடித்தபின் ஆறு.
யோகனின் வீட்டுக் கடன் அதில்தான் கட்டுகிறது,
என் மகள் பல்லுக்குக் கம்பி போட்டதும் அதில்தான்.
குறை சொல்லவில்லை.

செவ்வாய் இரவு மட்டும்
பிரெகியின் கேரேஜிலிருந்து காரை வெளியே தள்ளிவிட்டு
நாலு பேரும் 'கசிவு' ஆகிறோம்.

கசிவுக்கு மூன்று ஆல்பம் ஆயிற்று,
ஒவ்வொன்றும் முந்தியதைவிட அழகு.
மூன்றாவதில் வயலின்கூட இருந்தது.
பத்திரிகையில் 'முதிர்ச்சி' என்று எழுதினார்கள்.
உகேஷ்னி அதைப் படித்துவிட்டு
பேஸைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவள்
எட்டு மாதம் திறக்கவில்லை.

பிறகு ஒருநாள் பழைய கேசட்டோடு வந்தாள்.
தொண்ணூற்றெட்டில் இதே கேரேஜில் பிடித்தது.
என் பெடல் கிறீச்சிடுகிறது, யோகன் சுருதி தப்புகிறான்,
பிரெகிக்குப் பதினேழு வயது,
ஒவ்வொரு உறுமலுக்கும் முன்னால்
அவன் மூச்சு வாங்குவது விசில் மாதிரி கேட்கிறது.
ஆனால் கனம்.
ஃபிரிட்ஜை மூன்றாம் மாடிக்கு
முதுகில் ஏற்றுகிற கனம்.
இதை எங்கே விட்டோம் என்று
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கேட்டுக்கொண்டோம்.

தடித்த கம்பி வாங்கினோம்.
பி-க்கு இறக்கினோம், அப்புறம் ஏ-க்கு.
கம்பி துணிக்கொடிபோல் தொய்ந்தது.
நான் வேகத்தைப் பாதியாக்கினேன்.
வயலின்காரரிடம் ஃபோனில் மன்னிப்புக் கேட்டோம்.
வரவில்லை.

உகேஷ்னிதான் பிடித்தாள்.
பாட்டு முடிந்து டேப் சும்மா ஓடுகிற பத்து விநாடி,
அதைக் கேளுங்கடா என்றாள்.
நாங்கள் யாருமே வாசிக்காத ஒரு சத்தம்
அடியில். எல்லாவற்றுக்கும் அடியில்.
வேலிக்கு அந்தப் பக்கம்
இரவு பகலாக எண்ணெய் காய்ச்சிய ஆலை.

சம்பளமில்லாமல் முதல் டேப் முழுக்க வாசித்திருக்கிறது
எங்கள் ஐந்தாவது ஆள்.
அப்புறம் போன ஸ்டூடியோக்களில்
இரைச்சல் என்று வடிகட்டி எடுத்துவிட்டார்கள்.
சுத்தமாக இருக்கிறது என்று
நாங்களும் கை கொடுத்துவிட்டு வந்தோம்.

ஆலை இப்போது ஓடுவதில்லை.
மூடிய அன்று இந்தத் தெருவில் யாரும் அழவில்லை.
பள்ளிக்கூட அலமாரியில் வரிசையாக
ஆஸ்துமா பம்ப் அடுக்கி வைத்திருப்பார்கள்,
ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டி.
பிரெகியின் தம்பி தேவேந்திரன் பெயர் ஒட்டியது
சமையலறை டிராயரில் இன்னும் கிடக்கிறது,
மெழுகுவர்த்திகளுக்கும் ரசீதுகளுக்கும் நடுவில்.
அதைப் பற்றி அவன் பாடியதில்லை.
நாங்கள் கேட்டதுமில்லை.

அந்தச் சத்தம் எனக்கு வேணும், என்றான் அவன்.
யோகன் ஆம்பை அணைத்தான்.
கொஞ்ச நேரம் சும்மா நின்றான்.
திரும்பப் போட்டான். அவ்வளவுதான் பேச்சு.

ஏ-க்கும் கீழே, ஸ்வரம் என்று சொல்ல முடியாத இடத்தில்
உகேஷ்னி ஒரே கம்பியை விட்டுவிட்டு மீட்டினாள்.
தகரக் கதவு அதிர்ந்தது.
ஸ்பேனர்கள் ஆணியில் ஆடின.
பிரெகி உறுமவில்லை.
மைக்கை வாயருகே கொண்டுபோய்
மூச்சு மட்டும் விட்டான்,
அந்த விசிலை மறைக்காமல்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
கதவிடுக்கில் வெளிச்சம் மாறியதும் பார்த்தேன்.
எதிர்வீட்டு மூட்லி ஆன்ட்டி
நைட்டியோடு முற்றத்தில் இறங்கி
கொடியிலிருந்த ஈரத் துணிகளை
அவசரமாக உருவிக்கொண்டிருந்தார்.
பக்கத்து வீட்டில் ஒரு ஜன்னல் சாத்தியது.
அதற்கடுத்த வீட்டிலும்.
யாரும் எங்களைத் திட்டவில்லை.
காற்று எந்தப் பக்கம் என்று
மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு
ஆன்ட்டி உள்ளே போய்த் தாழிட்டார்.

போய் மன்னிப்புக் கேட்டுவரட்டுமா என்றான் யோகன்.

பிரெகி எச்சில் விழுங்கினான்.
இன்னும் மெதுவா, என்றான்.
முதல்லேருந்து.